தேவாங்கு 3.8.0-க்குக் கண்ணீர் அஞ்சலி

ஜூலை 1, செவ்வாய்

இந்தக் கோப்புக்கு ‘ஜிஎஸ்டி பழசு’ என்று பெயர் வைத்திருக்கிறேன். கடைக் கம்ப்யூட்டரில் மாமா சத்தியமாகத் திறக்க மாட்டார் என்று சொல்லக்கூடிய ஒரே பெயர் அதுதான்.

இன்று ஒரு தப்பு நடந்துவிட்டது. கட்டைவிரலால்.

முதலில் கடையைச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘பாண்டி டிஜிட்டல்’. பாண்டி என்பது சங்கரபாண்டி மாமா, அம்மாவின் தம்பி. காதுகுத்து, கல்யாணம், பணி ஓய்வு, கண்ணீர் அஞ்சலி என்று ஒரு மனிதருக்கு என்ன நடந்தாலும் நாங்கள் அதைப் பத்துக்கு எட்டு அடியில் ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுப்போம். டிசைன் செய்வது நான். பதினோராம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டேன். வயிற்றுவலி. அது போதும்.

வீட்டில் என் பெயர் தேவாங்கு. பேசாமல் முழிக்கிறேனாம். போன வருடம் ஒருநாள், நான் எப்படித்தான் இருக்கிறேன் என்று பார்க்கலாமே என அந்தப் பிராணியின் இங்கிலீஷ் பெயரைத் தேடினேன். லோரிஸ். பிராணி வருவதற்கு முன்னால் அதே பெயரில் ஒரு கம்ப்யூட்டர் மொழி வந்தது. நிரல் எழுதும் மொழி. யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம், எல்லோரும் சும்மா உழைக்கிறார்கள். அதன் சின்னத்தில் ஒரு தேவாங்கு கிளையைக் கட்டிக்கொண்டு முழித்தது. என் ஆதார் அட்டைப் படம் மாதிரியே இருந்தது. உள்ளே போய்விட்டேன்.

கடைக்கு வரும் ஆர்டர்களை வரிசைப்படுத்தி அச்சுக்கு அனுப்ப லோரிஸில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். பிறகு அவர்களுடைய விளக்கப் பக்கங்களில் பிழை திருத்தினேன். அங்கே எல்லாப் பேச்சும் எழுத்தில்தான். சொர்க்கம். என் பெயர் அங்கே கோமதி4. அம்மன் பெயர் கோமதி என்பதால் இந்த ஊரில் மூச்சுவிட்டால் ஒரு கோமதி மேல் படும். என் வகுப்பில் மட்டும் நாலு பேர். வருகைப் பதிவில் நான் நாலாவது. அவர்கள் சுருக்கி ‘ஃபோர்’ என்று கூப்பிடுகிறார்கள்.

இன்று காலை மெய்ரா ஒரு செய்தி போட்டாள். பிரேசில்காரி. அங்கே வெளியீட்டு மேலாளர். ‘எனக்கு இரட்டைக் குழந்தை பிறக்கப் போகிறது. இனி இந்தப் பொறுப்பை யாராவது எடுத்துக்கொள்ள முடியுமா?’ யாரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு கட்டைவிரல் போட்டேன்.

நம் ஊர் வாட்ஸப் குழுக்களில் பெரியப்பா காலமானார் என்றால்கூடப் பத்துக் கட்டைவிரல் விழும். ‘பார்த்துவிட்டேன்’ என்று அர்த்தம். அங்கே ‘நான் செய்கிறேன்’ என்று அர்த்தமாம். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், வாழ்த்துகள், பூங்கொத்துகள், ஒருவர் கேக் படமே போட்டிருக்கிறார்.

இல்லை, தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். கடைசியில் அவர்களின் வாழ்த்துகளுக்கு ஒரு கட்டைவிரல் போட்டேன்.

ஜூலை 2, புதன்

வெளியீட்டு மேலாளர் என்றால் என்ன என்று இன்று தேடிப் பார்த்தேன். நேற்றே தேடியிருக்கலாம்.

ஜூலை 4, வெள்ளி

அம்மா இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு விற்கிறாள். பாக்கெட்டில் தேதி ஒட்டுவது என் வேலை. இன்று ஒட்டிக்கொண்டிருந்தபோது பிடித்துக்கொண்டாள்.

“போன்ல அப்படி என்னதாம்ட்டி நோண்டிக்கிட்டே இருக்க?”

“ஒரு பொறுப்பு குடுத்திருக்காங்கம்மா. உலகத்துல அங்கங்க இருந்து எழுதித் தாறத ஒண்ணா சேத்து, சரியா இருக்கான்னு சோதிச்சு, ஒரு நம்பர் போட்டு வெளிய விடணும்.”

“யாரு குடுத்தா?”

“பிரேசில்ல ஒரு அக்கா.”

“சம்பளம்?”

“கெடையாது.”

“மத்தியானச் சோறு?”

“அதும் கெடையாதும்மா.”

அம்மா ஒரு பாக்கெட்டைத் தட்டி அடுக்கினாள். “நானும் தெனமும் அதத்தான செய்யுதேன். அரைச்சு, உப்பு பாத்து, தேதி போட்டு வெளிய விடுதேன். என்னைய ஒருத்தியும் பொறுப்புன்னு சொல்லல.”

நியாயம்தான். அம்மாவின் வெளியீடு ஒருநாளும் தள்ளிப்போனதில்லை. மூன்றாம் வீட்டு மல்லிகா அக்கா மட்டும் தினமும் பிழை அறிக்கை தருவாள். எப்போதும் ஒரே பிழை: புளிப்பு.

ஜூலை 9, புதன்

மெய்ரா எழுத்தில் பாடம் நடத்துகிறாள். நான் மொழிபெயர்ப்பு ஜன்னலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படிக்கிறேன். இதுவரை புரிந்தது:

வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்னால் உறைநிலை. அதற்குப் பிறகு பழுது பார்க்கலாம், புதிதாக எதையும் சேர்க்கக் கூடாது. பந்தியில் ஆட்கள் உட்கார்ந்த பிறகு புதுக் குழம்பு கொதிக்கவைக்கக் கூடாது என்பது மாதிரி. யார் கெஞ்சினாலும் மறுக்க வேண்டியது மேலாளர்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு எண், என்னுடையது 3.8.0. ஒருமுறை வெளியே போன எண் போனதுதான். தப்பாகப் போனால் அந்த எண் செத்தது. அதே எண்ணில் திருத்தி விட முடியாது, ஏனென்றால் அதற்குள் எத்தனையோ பேர் தங்கள் கம்ப்யூட்டரில் இறக்கியிருப்பார்கள். அடுத்த எண்தான். செத்த எண்களுக்கு அவர்களிடம் ஒரு மயானப் பக்கமே இருக்கிறது. கொன்றவர் கையால் இரங்கல் எழுத வேண்டும். ஒன்பது கல்லறை இருக்கிறது. படிக்க ஜாலியாக இருந்தது.

பிறகு வெளியீட்டு நாளில் ஒரு கூட்டம். கம்ப்யூட்டரில், குரலில். ஆமாம், குரலில். முதலில் பெயர் கூப்பிடுவார்களாம். பதில் சொல்ல வேண்டுமாம். பிறகு ஒவ்வொருவராக ‘போ’ அல்லது ‘நில்’ சொல்ல வேண்டும். அதையும் மேலாளரின் தாய்மொழியில் சொல்வது அவர்களுடைய வழக்கம். கடைசியாக மேலாளர் சொன்ன பிறகுதான் வெளியிடும் பொத்தான். நீ எந்த இரண்டு வார்த்தை சொல்லித் தரப்போகிறாய் என்று மெய்ரா ஆசையாகக் கேட்டிருக்கிறாள்.

எனக்கு வயிறு வலிக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

வார்த்தை கிடைத்துவிட்டது. தேட வேண்டிய அவசியமே இல்லை. கடை வாசலில் நாள் முழுவதும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். கிளம்ப ‘போலாம் ரைட்’. நிற்க ‘ஹோல்டேன்’.

உச்சரிப்பு அனுப்பச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. போனை வெளியே நீட்டி, கரிவலம் மினிபஸ் கண்டக்டரின் குரலைப் பதிவு செய்து அனுப்பினேன். பின்லாந்தில் தெப்போ என்று ஒருவர் இருக்கிறார், ஒரு வார்த்தைக்கு மேல் பேசினால் அரசாங்கம் வரி போடும் என்பதுபோலப் பேசுவார். அவர் அதைத் திரும்பச் சொல்லி அனுப்பியிருக்கிறார். ‘ரை…ட்.’ கண்ணை மூடிக் கேட்டால் புளியங்குடி டிக்கெட் கிழித்துத் தருவார் போலிருக்கிறது.

ஜூலை 17, வியாழன்

கடையில் சண்டை. ஒரு தலைமையாசிரியரின் பணி ஓய்வு விழா ஃப்ளெக்ஸ். மாமா அவசரத்தில் ஒரு பழைய கோப்பை எடுத்துப் பெயர், படம், தேதி எல்லாம் மாற்றியிருக்கிறார். வீட்டார் வந்து போன் நம்பரை நாலு தடவை சரிபார்த்தார்கள். மருமகனின் இனிஷியல் தப்பு என்று அரை மணிநேரம் திருத்த வைத்தார்கள். மேலே இரண்டடி உயரத்தில் ‘இதய அஞ்சலி’ என்று இருந்ததை யாரும் பார்க்கவில்லை. மண்டபத்தில் கட்டியும் யாரும் பார்க்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு அத்தை வாசலிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. தலைமையாசிரியரே ஓடிவந்து, “எக்கா, நான் இங்கதான் இருக்கேன்” என்றாராம்.

அவர்கள் போன பிறகு மாமா எனக்குப் புத்தி சொன்னார், ஏதோ நான் செய்ததுபோல. “பொடி எழுத்தப் பூராப் பயலும் படிப்பான் மருமவளே. பெருசா இருக்கத ஒரு பயலும் படிக்க மாட்டான். நீ அத மொதல்ல படி.”

தலையாட்டினேன்.

ஜூலை 19, சனி

மெஷின் ஓடும்போது, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு, ‘ஹோல்டேன்’ சொல்லிப் பார்த்தேன். எனக்கே கேட்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

உறைநிலை தொடங்கியது. தொடங்கிய அன்றே ஊவே வந்துவிட்டார்.

ஊவே ஜெர்மனிக்காரர். லோரிஸைப் பெற்றவர். பெயரைச் சத்தமாகச் சொன்னால் யாருக்கோ குமட்டுவது மாதிரி இருக்கும், ஆனால் மரியாதையான மனிதர். தனியாக எழுதியிருந்தார்: ‘அன்புள்ள ஃபோர், ஒரு சின்ன மாற்றம். ஒரே வரிதான். கோப்புகளை வேகமாகத் திறக்கும். சேர்த்துவிடலாமா?’

கூடாது. இதற்குத்தான் மேலாளர். ‘கூடாது’ என்று எழுதினேன். மொழியையே பெற்றவரிடம் கூடாது என்பதா என்று அழித்தேன். ‘மன்னிக்கவும்’ என்று தொடங்கினேன், அதோடு நின்றது. சாயங்காலம்வரை பதில் போடவில்லை.

ஆறு மணிக்கு அவர், ‘ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நன்றி!’ என்று எழுதிச் சேர்த்துவிட்டார்.

ஜூலை 29, செவ்வாய்

ஆடித் தபசுக்குக் கொடியேறிவிட்டது. கடையில் நிற்க இடமில்லை. அம்மனுக்கு ஒரு படம் என்றால் அவளைச் சுற்றிப் பதினாறு பேர் கைகூப்பி நிற்க வேண்டும், பதினாறு பேரும் அவளைவிடப் பெரிதாக. அதற்கு நடுவில் ஐந்து மணிக்குக் கூட்டம்.

மெய்ரா பெயர் கூப்பிட்டாள். ‘ஃபோர்?’ என்றபோது ‘இருக்கிறேன், மைக் கோளாறு’ என்று தட்டினேன். மைக் புத்தம் புதிது.

ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பிரேசில், “போலாம் ரைட்”. கென்யா, “போலாம் ரைட்”. மாமா திரும்பிப் பார்த்தார். ஜெர்மனி, “போலாம் ரைட்”. கடையில் நின்ற ஒருவர், “என்ன பாண்டி, டிராவல்ஸும் நடத்துதியா?” என்று கேட்டார்.

தெப்போ மட்டும் சொல்லவில்லை. அவருடைய சோதனையில் ஒரு வரி சிவப்பாக வந்திருந்தது. ஒரே ஒரு வரி. “ம்,” என்றார். ஊவே, “அந்தச் சோதனை அடிக்கடி அப்படித்தான் செய்யும்,” என்றார். தெப்போ யோசித்துவிட்டு, “ரைட்,” என்றார்.

அது அடிக்கடி அப்படிச் செய்யாது. ஒரு மாதமாகத் தினமும் பார்க்கிறேன். ஊவேயின் ஒரு வரிக்குப் பிறகுதான் சிவந்தது. எனக்குத் தெரியும்.

எல்லோரும் எனக்காகக் காத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன். உள்ளே வார்த்தை இருந்தது, அது எனக்குத் தெரிந்தது. தொண்டையில் யாரோ ஷட்டரை இறக்கியிருந்தார்கள். “ஃபோர், மைக் இல்லையென்றால் பரவாயில்லை, நேரே அழுத்திவிடுங்கள்,” என்றார் ஊவே அன்பாக.

எல்லோரும் காத்திருக்கிறார்களே என்று அழுத்திவிட்டேன்.

ஜூலை 30, புதன்

3.8.0 செத்துவிட்டது.

பெயரில் இடைவெளி இருக்கிற எந்தக் கோப்பையும் திறக்க மாட்டேன் என்கிறது. ‘திருமணம்’ திறக்கும். ‘திருமண அழைப்பு’ திறக்காது. காலையிலிருந்து உலகம் முழுவதும் கத்துகிறார்கள்.

நம் கடையிலும்தான். நேற்று உற்சாகத்தில் கடைக் கம்ப்யூட்டரிலும் 3.8.0-ஐ ஏற்றியிருந்தேன். எங்கள் கோப்புகளின் பெயர்கள் இப்படி இருக்கும்: ‘கவுன்சிலர் தபசு பைனல்’, ‘கவுன்சிலர் தபசு பைனல் புதுசு’, ‘கவுன்சிலர் தபசு பைனல் புதுசு இதுதான்’. ஒன்றுகூட அச்சுக்குப் போகவில்லை. வாசலில் வேனோடு ஆட்கள் நின்றார்கள். மாமா எல்லாக் கோப்புகளையும் கையால் ஒவ்வொன்றாக எடுத்து அடித்தார்.

“என்ன மருமவளே ஆச்சு?”

“வயிறு வலிக்குது மாமா.”

“ஒனக்கு இல்லட்டி, மெஷினுக்கு!”

ஜூலை 31, வியாழன்

இரங்கல் எழுத வேண்டும். மற்ற ஒன்பது பேரும் இரண்டு வரி இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இங்கிலீஷில் அழ வராது. கண்ணீர் அஞ்சலி வரும். இந்தத் தாலுகாவில் என்னைவிட நன்றாக யாருக்கும் வராது.

ஊதாப் பின்னணி. மூலையில் இரண்டு மெழுகுவத்தி. நடுவில் வட்டத்துக்குள் தேவாங்கு, கழுத்தில் ரோஜா மாலை. மேகத்திலிருந்து வெளிச்சம்.

‘கண்ணீர் அஞ்சலி. லோரிஸ் 3.8.0 அவர்கள். தோற்றம்: செவ்வாய் மாலை. மறைவு: செவ்வாய் இரவு. இடைவெளி இல்லாமல் எங்களை நேசித்தாயே, இப்படி இடைவெளி விட்டுப் போனாயே! ஆறாத் துயரில் வாடும்: அண்ணன் 3.7, பிறக்கவிருக்கும் தம்பி 3.8.1, மற்றும் உற்றார் உறவினர், பின்லாந்து.’

கீழே வழக்கம்போல ‘டிசைன்: பாண்டி டிஜிட்டல்’ என்று போன் நம்பரோடு. அதற்கும் கீழே இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு.

மெய்ரா சிரித்துச் சிரித்துக் குழந்தை இப்போதே வந்துவிடும் என்று எழுதியிருக்கிறாள். தெப்போ ஒரு முழு வாக்கியம் எழுதினார். நைரோபியிலிருந்து ஒருவர் மாமாவுக்கே போன் செய்துவிட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

ஊவே எல்லோரும் பார்க்கும்படி எழுதியிருக்கிறார். அஞ்சலி அருமை என்றார். தவறில் தனக்கும் பாதிப் பங்கு என்றார். பிறகு: ‘ஆனால் வெளியீட்டை நடத்துபவருக்குக் குரல் வேண்டும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த வேண்டும். 3.8.1-ஐ ஃபோர் நடத்தட்டும், பொத்தான் என்னிடம் இருக்கட்டும். இதுவும் சரிவராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம்.’

நல்லது, விட்டது சனி என்று நினைத்தேன். கட்டைவிரலால் வந்த வேலைதானே. பிறகு ஒரு வளைகாப்பு ஃப்ளெக்ஸில் வளையல் ஒட்டிக்கொண்டிருந்தபோது திரை கலங்கலாகத் தெரிந்தது. மானிட்டர் கோளாறு என்று துடைத்தேன். மானிட்டர் நன்றாகத்தான் இருந்தது.

சரி. எனக்கு இந்த வேலை வேண்டும். எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை.

குரல் என்றதும் எங்கள் வகுப்பில் இருந்த ஒரு பெண் ஞாபகம் வந்தது. அவள் பெயரும் கோமதிதான். கணக்கு டீச்சர் தலை நிமிராமல் பெயர் வாசிப்பார். மூன்று கோமதிகளும் கணீரென்று ‘உள்ளேன் டீச்சர்’ சொல்வார்கள். இவளும் சொல்வாள். இவளுக்குக் கேட்கும். பக்கத்தில் இருப்பவளுக்குச் சில நாள் கேட்கும். டீச்சருக்குக் கேட்காது, வரவில்லை என்று போட்டுவிடுவார். எழுந்து போய்ச் சொல்லலாம்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். கடைசியில் வருகை குறைவு, வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள். கூட்டிப் போய் என்ன சொல்வது? காய்ச்சல் என்றால் காய்ச்சல் இல்லை. வந்தேன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாளே.

அவள் அப்புறம் என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. வயிற்றுவலி என்று கேள்வி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

3.8.1-இல் ஊவேயின் அந்த வரியை எடுத்தாகிவிட்டது. மறுபடி உறைநிலை. மறுபடி ஊவே. ‘அன்புள்ள ஃபோர், அந்த ஒரு வரியைச் சரிசெய்துவிட்டேன். இப்போது சேர்க்கலாமா?’

ஒரு பக்கம் எழுதினேன். அவருடைய சேவை, லோரிஸின் வரலாறு, என் வருத்தம், சங்கரன்கோவில் தட்பவெப்பம். ஒவ்வொரு வரியாக எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது: ‘கூடாது. 3.9-இல் சேர்க்கலாம்.’

அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரை விட்டு எழுந்து, கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஒரு கட்டைவிரல்.

ஜெர்மனியில் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

தபசு முடிந்துவிட்டது. தெருவெல்லாம் கவுன்சிலர்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் இரண்டு கவுன்சிலரை வாங்கிப் போனார்கள், மழைக்கு மூட.

நாளை வெளியீட்டில் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியலைத் தயார் செய்தேன். போன தடவைப் பட்டியலையே எடுத்து, மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றினேன். நாலு தடவை சரிபார்த்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வரிசையாக எழுதுகிறேன்.

ஐந்து மணி. கடையில் ஒரே ஒரு ஆள், தன் காளைக்குப் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் வேண்டும் என்று மாமாவிடம் காளையின் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தார். வெளியே கரிவலம் மினிபஸ் உறுமிக்கொண்டு நின்றது.

மெய்ரா பெயர் கூப்பிட்டாள். ‘ஃபோர்?’ ‘இருக்கிறேன்’ என்று ஒரு கட்டைவிரல் போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றும் சொல்லாததை நான் நன்றாகக் கேட்டேன்.

ஊவே தன் திரையை எல்லோருக்கும் காட்டினார். “இப்போது நீங்கள் எழுதுவது எனக்குத் தெரியாது, குரல்தான் கேட்கும்,” என்றார். சோதனைகள் எல்லாம் பச்சை. பிரேசில், “போலாம் ரைட்”. கென்யா, “போலாம் ரைட்”. தெப்போ, “ரை…ட்”. இந்தத் தடவை அவரிடம் சிவப்பு இல்லை.

என் முறை. ஒரு தப்பும் இல்லை. ‘போலாம் ரைட்’ சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். ஷட்டர்.

“ஃபோர்?” என்றார் ஊவே. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வருத்தமாக, “சரி. பத்திலிருந்து எண்ணுகிறேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்,” என்று ஜெர்மன் மொழியில் எண்ண ஆரம்பித்தார்.

அவ்வளவுதான், வேலை போச்சு என்று திரையைப் பார்த்தேன். பட்டியல், தேதி, பெயர்கள், எல்லாம் பொடி எழுத்து, எல்லாம் சரி. மேலே, நடுவில், இந்தா பிடி என்று பெரிதாக, லோரிஸ் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு நின்றது.

லோரிஸ் 3.8.0.

செத்தவன் பெயர். பழைய பட்டியலை எடுத்து மாற்ற வேண்டியதையெல்லாம் மாற்றிய நான், மேலே இருந்த எண்ணை மட்டும் மாற்றவே இல்லை. நானே. இதய அஞ்சலி.

இப்படியே போனால் உலகம் முழுவதும் ஒரு புது ஆள் செத்தவன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிவான். 3.8.1-உம் மயானத்துக்கு.

நிறுத்து என்று தட்டினேன். கீபோர்டு தமிழில் இருந்தது. காலையில் அடித்த காதுகுத்து ஃப்ளெக்ஸிலிருந்து மாற்றவில்லை. ஏதோ தமிழ் எழுத்துகள் குப்பையாக விழுந்தன. தெப்போ அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டார்.

ஊவே மூன்றுக்கு வந்துவிட்டார்.

“ஹோல்டேன்!”

அது யார் குரல் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. மாமா கையிலிருந்து காளையின் படம் கீழே விழுந்தது. திரையில் ஒன்பது முகங்கள் உறைந்தன. வெளியே கிரீச்சென்று சத்தம். அப்போதுதான் கிளம்பியிருந்த மினிபஸ் நடுரோட்டில் நின்றுவிட்டது.

“நின்றோம்,” என்றார் ஊவே. இரண்டு கைகளையும் மேலே தூக்கியிருந்தார், நான் துப்பாக்கி வைத்திருப்பதுபோல.

“மேல… நம்பர் தப்பு,” என்றேன். தமிழில் சொன்னேன். ஆனாலும் எல்லோரும் மேலே பார்த்தார்கள். மெய்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். “என் தப்பு,” என்றேன், இதை இங்கிலீஷில்.

அதற்குள் கண்டக்டர் கடைக்குள் வந்துவிட்டார். “எவம்ல ஹோல்டேன் சொன்னது? யாரு எறங்கணும்?”

“எம் மருமவதான்,” என்றார் மாமா. “அவ ஜெர்மனிக்காரன நிறுத்துனா. நீ ஏம்டே நின்ன?”

“இந்தப் பிள்ளையா?” கண்டக்டர் என்னைப் பார்த்தார். “இது பேசுமா?”

காளைக்காரர் கீழே கிடந்த படத்தை எடுத்துத் துடைத்தார். “பேசுமான்னா கேக்க? எங்க காள மெரண்டிருக்கும்ய்யா.”

எண்ணை மாற்றினோம். மறுபடி சோதனை, மறுபடி பச்சை. ஒருமுறை நிறுத்தினால் பெயர் கூப்பிடுவதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவர்கள் விதி. மெய்ரா வரிசையாகக் கூப்பிட்டாள். கடைசியாக, கொஞ்சம் தயங்கி, “ஃபோர்?”

“உள்ளேன் டீச்சர்!”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. கணீரென்று. வெட்கமாகப் போய்விட்டது. அப்படி என்றால் என்ன என்று மெய்ரா கேட்டாள். வந்திருக்கிறேன் என்று அர்த்தம் என்றேன். உடனே தெப்போ, தன் பெயரைக் கூப்பிட்டு முடித்து வெகுநேரம் ஆகியும், நிமிர்ந்து உட்கார்ந்து, “உல்லேன் தீச்சர்,” என்றார். பிறகு கென்யா. பிறகு பிரேசில். ஊவே இரண்டு தடவை பயிற்சி எடுத்துக்கொண்டு சொன்னார்.

நான் ‘போலாம் ரைட்’ சொன்னேன். சத்தம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் பொத்தானை ஊவே அழுத்தவில்லை. “இது உங்களுடையது,” என்று என் பக்கம் கொடுத்துவிட்டார்.

வெளியே மினிபஸ் கிளம்புகிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அழுத்தினேன்.

ஆகஸ்ட் 13, புதன்

3.8.1-க்கு இதுவரை ஒரு புகாரும் இல்லை. மாவு புளிப்பு என்று மல்லிகா அக்கா வந்தாள்.

நேற்று நடந்ததை மாமா ஊர் பூராவும் சொல்லிவிட்டார். காலையில் நானும் அம்மாவும் மாவு பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா பத்துப் பாக்கெட்டை அடுக்கி முடித்தாள். பிறகு பாக்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“பஸ்ஸ நிறுத்துத தொண்டைய வச்சிக்கிட்டா எங்கிட்ட வயித்துவலின்னு சொன்ன?”

நான் தேதி ஒட்டிக்கொண்டே இருந்தேன். ஒன்றைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன்.

“ஒங்க கணக்கு டீச்சரு இங்கதாம்ட்டி மாவு வாங்குதா,” என்றாள் அம்மா. “நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

தலைகீழாக ஒட்டியதைப் பிய்த்தேன்.

“வயிறும் வலிச்சுதும்மா.”

“வலிச்சிருக்கும், வலிச்சிருக்கும்.” அம்மா அடுத்த பாக்கெட்டை என் பக்கம் தள்ளினாள். “என்னன்னு கேக்கேன், சத்தமா சொல்லு.”

சொன்னேன்.